பூட்டிய லேப்டாப்புக்குள் யார்?

அத்தியாயம் ஆறு

“கையெழுத்துப் போட்டுடும்மா. போலீஸ் வேண்டாம்னு ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட நானே பேசிக்கிறேன்.”

முதலாளி தாளை மேஜையின் குறுக்கே தள்ளினார். எதிரே இருந்த பெண் பேனாவைத் தொடவில்லை. ‘வேண்டுமென்றே அழித்தேன்’ என்று அச்சடித்திருந்த வரியையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் பாஸ், துப்பறியும் அம்மணி, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். பின்னாலேயே அவருடைய கைப்பையையும் குடையையும் சுமந்துகொண்டு நான். துப்பறியும் உதவியாளன் என்று என் விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறது. பார்க்கிறவர்கள் டிரைவர் என்றுதான் நினைக்கிறார்கள். எனக்கு வண்டி ஓட்டவும் தெரியாது.

“யாருங்க நீங்க? யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?”

“நான்தாங்க வரச் சொன்னேன்,” என்றார் மூலையில் நின்றிருந்த அம்மா. முதலாளியின் மனைவி. அந்தக் கம்பெனியின் கணக்கு வழக்கைப் பார்ப்பவர். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு உடன்பிறந்த அக்கா. ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தங்கை. இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்து அந்தக் கண்கள் சிவந்து கிடந்தன.

விஷயம் இதுதான். அது வெப்சைட் செய்கிற கம்பெனி. அவர்கள் செய்த ஒரு வெப்சைட்தான் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எந்த நோயாளிக்கு எப்போது டயாலிசிஸ் என்ற வரிசையை வைத்திருந்தது. இன்று காலை அதன் டேட்டாபேஸ் துடைத்துவிட்டாற்போல் காலி. மெஷின்கள் சும்மா நிற்கின்றன, நோயாளிகள் வராந்தாவில் காத்திருக்கிறார்கள், அடுத்தது யார் என்று நர்சுகளுக்குத் தெரியவில்லை. அழிக்கச் சொன்ன கட்டளை இந்தப் பெண்ணின் லேப்டாப்பிலிருந்து போயிருக்கிறது.

“மத்தியானம் ஆஸ்பத்திரிக்காரங்க போலீஸோட வர்றாங்க. அதுக்குள்ள இவ ஒப்புக்கிட்டா காப்பாத்தலாம். இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது,” என்றார் முதலாளி. மேஜையில் போன் அடித்தது. எடுக்காமல் கவிழ்த்து வைத்தார்.

“எப்பலேருந்து இங்க வேலை பாக்குறா?” என்று பாஸ் கேட்டார்.

“தேதி கீதியெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்காதுங்க.”

“எங்க கல்யாண நாளே அவருக்கு ஞாபகம் இருக்காது. வருஷா வருஷம் நான்தான் சொல்லணும்,” என்றார் அக்கா. அந்த நிலையிலும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

பாஸ் அந்தத் தாளை எடுத்து நான்காக மடித்து என் சட்டைப் பையில் செருகினார். “மத்தியானம் வரைக்கும் இது எங்ககிட்ட இருக்கட்டும். ஏம்மா, உன் மேஜை எங்க இருக்கு? காட்டு.”

*

அவளை ஆபீஸில் எல்லோரும் பெட்டிக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். ஏன் என்று அவளே சொன்னாள். வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் கொஞ்சம் நிமிர்ந்தாள்.

“நிஜ வெப்சைட் சர்வர்ல ஓடும். அதுல நாங்க கை வைக்க மாட்டோம். எதைச் செஞ்சு பாக்கறதா இருந்தாலும் எங்க லேப்டாப்லதான். அதுக்குள்ளயே தனியா ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி ஓடும். கன்டெய்னர். இங்க பெட்டின்னு சொல்வாங்க. ஒரு பெட்டியில வெப்சைட், பக்கத்துப் பெட்டியில டேட்டாபேஸ்.”

“நீ வர்றதுக்கு முன்னாடி?”

“புதுசா யாராவது சேர்ந்தா, லேப்டாப்பைத் தயார் பண்றதுக்குள்ள உயிர் போயிடும். இது இருந்தா அது ஓடாது, அது இருந்தா இது ஓடாது. மீசை சார் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணாப் போட்டுத் தரணும். நான் வந்து எல்லாத்தையும் ஒரே சமையல் குறிப்பு மாதிரி எழுதி வச்சேன். ஒரு கட்டளை குடுத்தா பெட்டி தானா உருவாகும். இன்னொரு கட்டளை குடுத்தா மொத்தமா மறைஞ்சிடும். யாராலயும் முடியும்னு காட்டறதுக்கு அக்கா லேப்டாப்லயே போட்டுக் காட்டினேன்.”

மீசை சார் யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. எதிர் வரிசையில் முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு மீசை உட்கார்ந்திருந்தது. மீதியில் ஒரு சீனியர் இருந்தார். நாங்கள் பார்த்ததும் லேப்டாப்பைப் பட்டென்று மூடினார்.

“காலையில என்ன பண்ணின?”

“தினமும் பண்றதுதான். வந்ததும் பழைய பெட்டியத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா கட்டுவேன். அப்புறம் டேட்டாபேஸைக் காலி பண்ணிட்டு, சோதிச்சுப் பாக்கறதுக்குப் பொய் நோயாளிகளை நிரப்புவேன்.”

“பொய் நோயாளின்னா எங்க சித்தப்பா மாதிரியா?” என்றேன் நான். “திங்கட்கிழமை வந்தா காய்ச்சல், சம்பள நாள்னா சுகம்.”

பாஸ் முறைத்தார். வாயை மூடிக்கொண்டேன்.

“எந்த டேட்டாபேஸோட பேசணும்னு அமைப்புக் கோப்புல ஒரே ஒரு வரி இருக்கும்,” என்றாள் பெட்டிக்காரி. “அது எப்பவும் பக்கத்துப் பெட்டியத்தான் காட்டும். இன்னைக்கு அது நிஜ சர்வரைக் காட்டியிருக்கு. பாஸ்வேர்டோட. நான் பாக்காம காலி பண்ற கட்டளையக் குடுத்துட்டேன், நிரப்பறதுக்குள்ள ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துடுச்சு. மேடம், சத்தியமா அந்த வரிய நான் மாத்தல.”

“நிஜ சர்வர் பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?”

“அத்தானுக்கு, மீசை சாருக்கு, எனக்கு.”

ஆக, அவளுடைய பழக்கத்தையே ஆயுதமாக்கியிருந்தார்கள். தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு அவள் ஒரு பொத்தானை அழுத்துவாள் என்று தெரிந்த யாரோ, அந்தப் பொத்தானுக்குப் பின்னாலிருந்த கம்பியை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் எப்படி? அவள் மேஜைக்கு நேர் மேலே காமிரா. நேற்று மாலை திரையைப் பூட்டிவிட்டு, லேப்டாப்பை ஓடவிட்டு அவள் போனது முதல் இன்று காலை வந்தது வரை வாட்ச்மேனின் அறையில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு ஈ காக்கைகூட அந்த மேஜைப் பக்கம் வரவில்லை. காமிரா அவளைக் காப்பாற்றும் என்று நினைத்து வந்தோம். அது அவள் கழுத்தில்தான் கயிற்றை மாட்டியது.

திரும்பி வரும் வழியில் மீசை எங்களை மறித்தார்.

“மேடம், நான் அந்தப் பெட்டிப் பக்கமே போனதில்ல. என் மெஷின்ல எல்லாத்தையும் கையாலதான் போட்டிருக்கேன். சும்மா சொல்லி வைக்கிறேன்.”

“நான் ஒண்ணுமே கேக்கலையே?”

மீசை வேர்த்தது. “இல்ல… நாளைக்கு ஆஸ்பத்திரியிலேருந்து வரிசையச் சரிபாக்க வர்றதா இருந்தாங்க. யாரோ குறுக்க புகுந்துடறாங்கன்னு நோயாளிங்க புகார். இப்ப சரிபாக்க என்ன மிச்சம் இருக்கு?”

“காப்பி எடுத்து வைக்க மாட்டீங்களா?”

“அந்த மெஷின் போன வாரமே படுத்துடுச்சு. வேற வேணும்னு கேட்டேன். பாக்கலாம்னார் முதலாளி.”

அவர் போனதும் நான் பாஸின் காதில் சொன்னேன். “இவர்தான், பாஸ். இந்தப் பொண்ணு வர்ற வரைக்கும் இவர் இல்லாம ஒரு லேப்டாப் ஓடாது. இப்ப ஒரு கட்டளையில எல்லாரும் ஓட்டறாங்க. வயித்தெரிச்சல்.”

“மீசையப் பிடிச்சு இழுத்துட்டா கேஸ் முடிஞ்சுதுன்னு நினைப்பா உனக்கு? பேசாம வா.”

*

பாஸுக்குக் கம்ப்யூட்டர் பெரிதாகத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று கேட்கிற தைரியம் மட்டும் உண்டு. பெட்டிக்காரியின் திரையில் கோப்புகளின் வரிசையை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“எல்லாக் கோப்புக்கும் நேரா உன் பேர் இருக்கு. இது ஒண்ணுக்கு மட்டும் ‘ரூட்’னு இருக்கே. யாரும்மா அது?”

அவள் குனிந்து பார்த்தாள். முகம் வெளுத்தது.

“அது… அது பெட்டிக்குள்ள இருக்கற ஆளோட பேர்.”

“எது? உள்ள ஆள் வேற வச்சிருக்கியா?” என்றேன்.

“லேப்டாப்லேருந்து நான் ஒரு கோப்பை எழுதினா என் பேர் விழும். பெட்டிக்குள்ள இருந்துக்கிட்டு எழுதினா ரூட்னு விழும். இந்தக் கோப்புறை ரெண்டு பக்கத்துக்கும் பொது. பழைய அமைப்புக் கோப்பை அழிச்சுட்டு இதை வச்சவங்க என் லேப்டாப்ல உக்காரவே இல்ல மேடம். பெட்டிக்குள்ளேருந்து வச்சிருக்காங்க.”

“வெளியிலேருந்து பெட்டிக்குள்ள போக வழி இருக்கா?”

“இல்லையே…” என்றவள் சட்டென்று அந்தச் சமையல் குறிப்பைத் திறந்தாள். ஒரு வரியில் அவள் கண் நின்றது. கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“அக்காவுக்குச் சொல்லித் தர்றதுக்காக, பிரவுசர்லயே கட்டளை குடுக்கற மாதிரி ஒரு ஜன்னல் வச்சேன். அது என் லேப்டாப்புக்கு மட்டும் திறக்கும்னு நினைச்சேன். கதவு நம்பரை மட்டும் எழுதிட்டேன், யாருக்குத் திறக்கணும்னு எழுதல. எழுதாம விட்டா இந்த ஆபீஸ் நெட்வொர்க்ல இருக்கற எல்லாருக்கும் திறந்து கிடக்கும். அய்யோ, இவ்வளவு நாளா திறந்தே கிடந்திருக்கு.”

“வாசல்ல பெரிய பூட்டு, கொல்லைக் கதவு அகலத் திறப்பு. சபாஷ்,” என்றேன். சொன்ன பிறகு பாவமாக இருந்தது. அவள் அழ ஆரம்பித்திருந்தாள்.

“அழாதே. நீ பண்ணினது தப்பு. ஆனா அது குற்றம் இல்ல,” என்றார் பாஸ். “டேய், எல்லாரையும் முதலாளி ரூமுக்குக் கூப்பிடு.”

*

முதலாளி, அக்கா, மீசை, பெட்டிக்காரி. நால்வரையும் உட்காரவைத்து பாஸ் நின்றுகொண்டே பேசினார்.

“நேத்து யாரோ வேற மெஷின்லேருந்து இந்தப் பொண்ணோட பெட்டிக்குள்ள புகுந்திருக்காங்க. நல்ல வேளை, யார் வந்தாங்கங்கற பதிவு பெட்டிக்குள்ளயே தானா விழுமாம். இப்பவும் உள்ளேதான் இருக்கு. மத்தியானம் ஒரு நிபுணர் வந்து அதை எடுப்பார். அதுவரைக்கும் அந்த லேப்டாப் பூட்டினபடியே ஓடட்டும். வாட்ச்மேன் பக்கத்துல நிப்பார்.”

“ஆனா மேடம், காலையில நான் பழைய—” என்று பெட்டிக்காரி ஆரம்பித்தாள்.

“ஸ்ஸ்… அய்யோ!” என்று பாதியில் அலறினாள்.

“கால்ல மிதிச்சுட்டேனா? பாத்து உக்காரும்மா.” பாஸ் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். செருப்பு இன்னும் அவள் காலின் மேல்தான் இருந்தது. “நீயும் உங்க அக்காவும் எங்களோட வாங்க. தனியா இருக்க வேண்டாம்.”

பழைய மானிட்டர்கள் அடுக்கிய ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் அவள் வெடித்தாள்.

“அந்தப் பதிவு இல்ல மேடம்! காலையில பழைய பெட்டியத் தூக்கிப் போட்டேனே, அதோடவே போயிடுச்சு. என்னைக் காப்பாத்தக் கூடிய ஒண்ணை நானே என் கையால அழிச்சுட்டேன். இப்ப ஓடறது புதுப் பெட்டி. நிபுணர் வந்தாலும் ஒண்ணும் கிடைக்காது.”

“தெரியும். நீ முதல்ல சொன்னதுலயே புரிஞ்சுது. நிபுணரும் கிடையாது,” என்றார் பாஸ். “பெட்டிய நல்லாத் தெரிஞ்சவங்க நான் சொன்னதைக் கேட்டு மனசுக்குள்ள சிரிப்பாங்க. அரைகுறையாத் தெரிஞ்சவங்கதான் பயந்துபோய், இல்லாத பதிவை அழிக்க மறுபடியும் அதே ஜன்னல் வழியா வருவாங்க. இப்ப யாராவது வந்தா நமக்குத் தெரியுமா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரவல் லேப்டாப் ஒன்றில் நான்கு வரி தட்டினாள். கறுப்புத் திரை. வெள்ளைக் கட்டம் ஒன்று மட்டும் விட்டு விட்டு மின்னியது. “இனிமே யார் தொட்டாலும் இங்க ஒரு வரி விழும்.”

காத்திருந்தோம். வரி விழவில்லை. வெளியே போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். “இவ வேலையில சேர்றதுக்கு அவர்கிட்ட நான்தான் கெஞ்சினேன்,” என்றார் யாரையும் பார்க்காமல். “ஜெயிலுக்குப் போனா எங்க அம்மா முகத்துல எப்படி முழிப்பேன்?” எனக்கு ஒரு ஜோக் வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். போலீஸ் வண்டி எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்கலாம்.

கதவு திறந்தது.

மீசை. நான் துள்ளி எழுந்து கதவை மறித்துக்கொண்டேன். “வாங்க சார். உங்களுக்காகத்தான் காத்திருந்தோம்.”

அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. “மேடம், அந்தப் பதிவு எப்படி மிஞ்சும்? பெட்டியத் தூக்கிப் போட்டா உள்ள இருந்த பதிவும் போயிடுமே. அது எனக்கே தெரியும்.”

“அதைச் சொல்லவா வந்தீங்க?”

“இல்ல.” மீசை துடித்தது. “எங்கிட்ட ஒரு காப்பி இருக்கு. நேத்து மத்தியானம் எடுத்தது, முழு வரிசையும். நான் பழைய ஆளு. பொய் நோயாளிய வச்சு வேலை பாக்க எனக்கு வராது. நிஜ நோயாளிங்க விவரத்தை என் மெஷின்ல வச்சுக்கக் கூடாது, தெரிஞ்சா வேலை போயிடும். அதான் காலையிலேருந்து மூடி மறைச்சேன். ஆனா அங்க ஜனங்க ஊசிக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. வேலை போனாப் போகட்டும்.”

அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மீசை குத்தும் என்பதால் விட்டுவிட்டேன்.

“மேடம்!” பெட்டிக்காரி கத்தினாள்.

கறுப்புத் திரையில் ஒரு வரி விழுந்திருந்தது. கண் முன்னாலேயே இன்னொன்று. பிறகு இன்னொன்று. யாரோ ஜன்னலைத் திறந்து, உள்ளே வந்து, தேடிக்கொண்டிருந்தார்கள். மீசையோ எங்கள் நடுவில் வெறும் கையோடு நிற்கிறார்.

“எந்த மெஷின்லேருந்து?”

அவள் அந்த வரியிலிருந்த மெஷின் எண்ணைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். திரும்பி அக்காவைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம்.

“இது… அக்காவோட லேப்டாப்.”

“நானா?” என்றார் அக்கா. “நான் இங்கதானேம்மா உக்காந்திருக்கேன்? உன் கையப் பிடிச்சுக்கிட்டு?”

“அதுக்குத்தாங்க உங்களைக் கூடவே வரச் சொன்னேன்,” என்றார் பாஸ் மெதுவாக. “அந்த ஜன்னலை இவ உங்களுக்காகத்தான் வச்சா. சொல்லித் தந்தப்ப பக்கத்துல வேற யார் இருந்தாங்க?”

அக்கா தங்கையின் கையை மெதுவாக விட்டார். “வீட்டுலதான் சொல்லித் தந்தா. சாப்பாட்டு மேஜையில. அவர் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே…”

முடிக்கவில்லை. எழுந்து நடந்தார். நடந்தவர் வராந்தாவில் ஓட ஆரம்பித்தார்.

*

கணக்கு அறையின் கதவு சாத்தியிருந்தது. அக்காதான் திறந்தார்.

அவருடைய நாற்காலியில், அவருடைய லேப்டாப்பின் முன்னால், முதலாளி உட்கார்ந்திருந்தார். திரையில் அந்த ஜன்னல். அதில் பாதி அடித்த அழிப்புக் கட்டளை.

“நெட் வரலையேன்னு… பாத்துக்கிட்டிருந்தேன்,” என்றார்.

“நெட் நல்லாத்தான் வருது. உங்களைக் கையும் களவுமா கொண்டுவந்து நிறுத்திடுச்சே,” என்றேன்.

பாஸ் என்னைக் கையமர்த்தினார். “நாளைக்கு வரிசையச் சரிபாத்தா, குறுக்க புகுந்தவங்க எல்லாம் யாரோட ஆளுங்கன்னு தெரிஞ்சிருக்கும். இல்லீங்களா? உங்களுக்குக் காரியம் ஆக வேண்டிய பெரிய மனுஷங்க வீட்டு நோயாளிங்களுக்கு முன்னாடி இடம். மத்தவங்க வராந்தாவுல. அதுக்காக டேட்டாபேஸ் போகணும். பழி மச்சினி தலையில.”

“உளறாதீங்க! என்ன ஆதாரம் இருக்கு உங்ககிட்ட? அந்த டேட்டாபேஸே காலியாயிடுச்சு.” அவர் எழுந்தார். முகமெல்லாம் வேர்வை. எங்களை விட்டுவிட்டு மனைவியின் பக்கம் விரலை நீட்டினார். “அப்படியே யாராவது நேத்து வந்திருந்தாலும் இந்த மெஷின்லேருந்துதானே? இது யாரோடது? இவளோடது. அக்காளும் தங்கச்சியும் சேர்ந்து என்ன பண்ணினாங்களோ, எனக்கென்ன தெரியும்?”

நேற்று வந்தது எந்த மெஷினிலிருந்து என்று நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவே இல்லை. சொன்ன பிறகுதான் அது அவருக்கும் உறைத்தது. நீட்டிய விரல் தானாக மடங்கியது.

மீசை தலையைக் குனிந்துகொண்டார். பெட்டிக்காரி அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று தேம்பினாள். அக்கா மட்டும் அழவில்லை. நிதானமாகப் போய் மேஜையருகே நின்றார்.

“என் லேப்டாப் பாஸ்வேர்டு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்களா போட்டுப் பாத்தீங்களா?”

“நம்ம… நம்ம கல்யாண நாள்தானே,” என்றார் அவர், கேட்கிற மாதிரியும் கேட்காத மாதிரியும்.

அக்கா தலையை ஆட்டினார். நாற்காலியைச் சுட்டிக்காட்டினார், அவர் விலகிக்கொண்டார். உட்கார்ந்து, எங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு, பழைய பாஸ்வேர்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தட்டினார். பிறகு போனை எடுத்து ஆஸ்பத்திரி எண்ணைப் போட்டார்.

“கணக்கு அறையிலேருந்து பேசறேங்க. உங்க வரிசை கிடைச்சிடுச்சு. இப்பவே அனுப்பி வைக்கிறோம், டயாலிசிஸை ஆரம்பிங்க. போலீஸை அனுப்பறதா சொன்னீங்களாம், அவங்களும் வரட்டும். ஆள் இங்கதான் இருக்கார்.”

போனை வைத்துவிட்டுத்தான் புருஷனைத் திரும்பிப் பார்த்தார்.

“வருஷா வருஷம் நான்தாங்க ஞாபகப்படுத்துவேன்,” என்றார். “இதுக்கு மட்டும் உங்களுக்கே ஞாபகம் வந்திருக்கு.”